முந்நூத்தி அறுபத்தஞ்சு படியும் மூணு கட்டியும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் ஆளைக் காணோம்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. "என்ன டீச்சர், பரீட்சைப் பேப்பர் மலையா குவிஞ்சிடுச்சா?"ன்னு ஒருத்தர். பேப்பர் இல்லீங்க. மலைதான் பிரச்சனை. எங்க ஊரு மலை.

திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படி. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. கணக்கு டீச்சருக்கு இதைவிட என்ன வேணும்? கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து மாசாமாசம் கிருத்திகைக்குப் படியேறித்தான் போவேன். ரங்கமணி பைக்ல மலைப்பாதை வழியா சொகுசா மேல போய் நின்னுக்கிட்டு, "இன்னும் வரலையா?"ன்னு போன் பண்ணுவார்.

போன வருஷம் ஆடி மாசம் 120-வது படியில உட்கார்ந்துட்டேன். மூச்சு வாங்குது, நெஞ்சு படபடன்னு அடிக்குது, கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது. எழுபது வயசு இருக்கும் ஒரு பாட்டி, என்னை ஒரு பார்வை பார்த்துட்டு "முருகா, முருகா"ன்னு சொல்லிக்கிட்டே ஏறிப் போய்ட்டாங்க. மானம் போச்சு.

எனக்கு வயசு 43. எடை கூடிடுச்சு, அதான்னு வெளியில சொல்லிக்கிட்டேன். உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் கூச்சம்.

ஒரு வருஷமாவே பீரியட்ஸ் அஞ்சு நாள்ல நிக்கறதில்லை. பத்து நாள், பன்னெண்டு நாள். முதல் மூணு நாள் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின். போர்டுல எழுதத் திரும்பறப்பல்லாம் புடவையில கறை பட்டிருக்குமோன்னு பயம். இஷ்டமே இல்லாம அடர் கலர் புடவையா வாங்கிக் குவிச்சேன். அதுக்கு முன்னாடி மூணு கிருத்திகை வரிசையா தவறியிருந்தது, அந்த நாள்லயே வந்ததால. (அந்த நாள்ல கோயிலுக்குப் போகலாமா கூடாதாங்கற சண்டையை இங்க ஆரம்பிக்காதீங்க. அதுக்குத் தனிப் பதிவு போட்டு அடிச்சுக்கலாம்.)

ஆண் நண்பர்கள் "இது நமக்கில்லை"ன்னு இந்த இடத்துல ஓடிடாதீங்க. உங்க வீட்டுலயும் யாரோ ஒருத்தர் அடர் கலர் புடவை வாங்கிக்கிட்டு இருக்கலாம்.

ஒரு வழியா டாக்டர் கிட்ட போனேன். வயித்தை அழுத்திப் பார்த்துட்டு, "கர்ப்பப்பை பன்னெண்டு வார சைஸ்ல இருக்கே"ன்னாங்க. நான் ஆடிப் போய்ட்டேன். பையன் ப்ளஸ் ஒன் படிக்கிறான், இப்பப் போய்! அப்புறம்தான் விளக்கினாங்க. கர்ப்பப்பை பெருசாச்சுன்னா, கர்ப்பமா இருந்தா எத்தனை வாரத்துல அந்த அளவு வருமோ அதை வெச்சு சைஸ் சொல்றது டாக்டர்கள் வழக்கமாம். ரத்தப் பரிசோதனையில ஹீமோகுளோபின் 7.4. பொண்ணுங்களுக்குப் பன்னெண்டாவது இருக்கணும். படியில உட்கார்ந்ததுக்கு விடை அங்கயே கிடைச்சுடுச்சு.

அடுத்து ஸ்கேன். ஒரு லிட்டர் தண்ணி குடிச்சுட்டு அடக்கிக்கிட்டு உட்காரணும். நீர்ப்பை நிரம்பினாத்தான் அது வழியா கர்ப்பப்பை தெளிவாத் தெரியுமாம். "குழந்தை ஆணா பெண்ணா எனச் சொல்வது சட்டப்படி குற்றம்"ங்கற போர்டையே ஒன்றரை மணி நேரம் பார்த்துக்கிட்டு, கால் மேல கால் போட்டு, முருகன் பேரெல்லாம் சொல்லி முடிச்சேன். அது முடிஞ்சதும் "போய்ட்டு வாங்க, இப்ப உள் ஸ்கேன்"னாங்க. அதுக்கு நீர்ப்பை காலியா இருக்கணுமாம்! ரெண்டு விதத்துலயும் பார்த்தாத்தான் முழுசாத் தெரியுமாம்.

ரிப்போர்ட்ல மூணு ஃபைப்ராய்டு. தமிழ்ல நார்த்திசுக் கட்டி. பெருசு 4.8 x 4.5 x 4.2 செ.மீ. நடுவுலது 3 x 2.8 x 2.7. சின்னது 1.6 x 1.5 x 1.5.

ரிப்போர்ட்டோட இன்னொரு டாக்டர் கிட்ட போகச் சொன்னாங்க. (எந்த ஊர், யாருன்னு கேட்காதீங்க.) அவர் பேப்பரை ரெண்டு நிமிஷம் பார்த்தார். என்னைப் பார்க்கலை. "வளர்ந்துகிட்டே போகும்மா. கேன்சரா மாறினாலும் மாறும். குழந்தைதான் பெத்தாச்சே, அப்புறம் எதுக்கு அது? எடுத்துடலாம். அடுத்த வாரம் புதன்கிழமை?"

புதன்கிழமைன்னு தேதி வரைக்கும் வந்தாச்சு. எனக்குக் கேள்வி கேட்கத் தோணலை. 'கேன்சர்'ங்கற ஒரு வார்த்தைக்கப்புறம் எதுவுமே காதுல விழலை.

வீட்டுல வட்டமேஜை மாநாடு. மாமியார், "எடுத்துட்டா நிம்மதிம்மா, எங்க தெருவுலயே நாலு பேர் எடுத்தாச்சு"ன்னாங்க. ரங்கமணி பாவம், "உனக்கு எது சரின்னு படுதோ"ன்னு சொல்லிட்டு டிவியை வெறிச்சுப் பார்த்துக்கிட்டிருந்தார். அன்னிக்குப் புத்தூர்ல இருந்து அவரோட அக்காவும் வந்திருந்தாங்க. நாத்தனார்தான், ஆனா நான் அண்ணின்னுதான் கூப்பிடுவேன். எலும்பு முறிவுக்குக் கட்டுக் கட்டறாங்களே, அந்த ஆந்திரா புத்தூர். திருத்தணியில ரயில் ஏறினா கொஞ்ச நேரத்துல போயிடலாம். 1960 ஏப்ரல் 1-ம் தேதிதான் எங்க தாலுகா ஆந்திராவுல இருந்து பிரிஞ்சு அப்போதைய மெட்ராஸ் மாநிலத்தோட சேர்ந்தது. கோடு கிழிச்சாங்களே தவிர, கொடுக்கல் வாங்கலும் பொண்ணு எடுக்கறதும் கொடுக்கறதும் நிக்கவே இல்லை. அண்ணி பாதி தமிழ், பாதி தெலுங்கு.

மாநாட்டுல அண்ணி ஒண்ணும் பேசலை. ராத்திரி அடுப்படியில பாத்திரம் கழுவும்போது பக்கத்துல வந்து நின்னாங்க.

"உனக்கு என்ன கட்டின்னு தெரியுமா?"

ரிப்போர்ட்டைக் காட்டினேன். அவங்களுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. ஆனா அந்தப் பேப்பரைத் தடவிக்கிட்டே இருந்தாங்க.

"எனக்கு இந்தப் பேப்பர்கூட யாரும் தரலை. வெள்ளைப்படுது, வயிறு வலிக்குதுன்னு போனேன். கட்டி இருக்கு, புண்ணு இருக்கு, வெச்சிருந்தா கேன்சர்னாங்க. வட்டிக்கு வாங்கி ஆபரேஷன். அப்ப எனக்கு முப்பத்திமூணு. கர்ப்பப்பையோட ரெண்டு ஓவரியையும் எடுத்துட்டாங்கன்னு ரெண்டு வருஷம் கழிச்சு வேற டாக்டர் சொல்லித்தான் தெரியும். உள்ள என்ன இருந்துச்சு... ஏமோ, இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

இருபது வருஷமா அண்ணியைத் தெரியும். சட்டுன்னு முகம் சிவந்து வேர்த்து விசிறிக்குவாங்க, எரிஞ்சு விழுவாங்க. 'அண்ணிக்குக் கோவம் ஜாஸ்தி'ன்னு நாங்களே ஓட்டியிருக்கோம். முப்பத்திமூணு வயசுல ஒரே நாள்ல மாதவிடாய் நின்னு போன உடம்பு அதுங்கறது அன்னிக்குத்தான் புரிஞ்சது. கையில சோப்பு நுரையோட அழுதுட்டேன்.

"நீ கேள்வி கேளு. உனக்குக் கேட்கத் தெரியும்"னாங்க.

புதன்கிழமை ஆபரேஷனுக்குப் போகலை. லோக்கல் ரயில் பிடிச்சு சென்னைக்குப் போய், அரசு மருத்துவமனையில பல வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவங்க பேப்பரை ஓரமா வெச்சுட்டு என்னைத்தான் முதல்ல கேட்டாங்க. எத்தனை நாள் போகுது, எத்தனை நாப்கின், கட்டி கட்டியா விழுதா, அடிக்கடி யூரின் வருதா, மலச்சிக்கல் உண்டா, வலி எப்ப. அப்புறம், "ஃபைப்ராய்டுன்னா கர்ப்பப்பைத் தசையிலயே முளைக்கிற கட்டி. சாதாரணக் கட்டி, கேன்சர் இல்லை. ஐம்பது வயசுக்குள்ள பாதிக்கு மேலான பொண்ணுங்களுக்கு வரும். பல பேருக்கு இருக்கறதே தெரியாது"ன்னாங்க.

ஒரு தாள்ல கொய்யாப்பழம் மாதிரி வரைஞ்சு காட்டினாங்க. கர்ப்பப்பையை ஒரு வீடுன்னு வெச்சுக்கோங்க. கட்டி ஹாலுக்குள்ள துருத்திக்கிட்டு இருக்கலாம், சுவத்துக்குள்ள புதைஞ்சு இருக்கலாம், வெளிப்பக்கம் திண்ணை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கலாம். உலக மகப்பேறு மருத்துவர்கள் கூட்டமைப்பு 2011-ல இதை 0-லிருந்து 8 வரைக்கும் நம்பர் போட்டுப் பிரிச்சிருக்கு. 0, 1, 2 ஹாலுக்குள்ள நீட்டறது. 3, 4 சுவத்துக்குள்ள. 5, 6, 7 வெளிப்பக்கம். 8 கர்ப்பப்பை வாய் மாதிரி வேற இடம். ஹாலுக்குள்ள ஒரே ஒரு சென்டிமீட்டர் இருந்தாலும் ரத்தம் கொட்டும். வெளிப்பக்கம் ஆறு சென்டிமீட்டர் இருந்தாலும் சத்தமே இல்லாம இருக்கலாம். என்னோட பெருசு 4-ம் நம்பர், நடுவுலது 3, சின்னது 5.

"எவ்ளோ பெருசுன்னு மட்டும் பார்க்காதம்மா. எங்க இருக்கு, உன்னை என்ன பண்ணுது, அதையும் பாரு."

சரி டாக்டர், வளருமா வளராதா? கணக்கு டீச்சராச்சே, ஃபார்முலா வேணுமே எனக்கு.

சிரிச்சாங்க. "அதைச் சொல்ல ஜோசியர் கிட்டதான் போகணும்"னுட்டு ஒரு ஆராய்ச்சியைச் சொன்னாங்க. வீட்டுக்கு வந்து நானும் தேடிப் படிச்சேன். 2008-ல அமெரிக்காவுல வெளியானது. 72 பெண்கள், அவங்க வயித்துல 262 கட்டிகள். எம்.ஆர்.ஐ. எடுத்து எடுத்து அளந்திருக்காங்க. ஆறு மாசத்துக்கு நடுத்தர வளர்ச்சி 9 சதவீதம். ஆனா ஒரு கட்டி 89 சதவீதம் சுருங்கியிருக்கு, இன்னொண்ணு 138 சதவீதம் வளர்ந்திருக்கு! இதுல என்னை உலுக்கினது வேற. ஒரே பொண்ணு வயித்துல, ஒரே ரத்தம், ஒரே ஹார்மோன்ல ஊறிக்கிட்டு இருக்கற கட்டிகளே ஆளுக்கொரு வேகத்துல போயிருக்கு. ஆரம்பத்துல எவ்ளோ பெருசு, எந்த இடங்கறதை வெச்சும் வேகத்தைச் சொல்ல முடியலை. ஒவ்வொரு கட்டியும் தனித்தனியா ஒரே ஒரு செல்லுல இருந்து கிளம்பறதாம். ஒரு வயித்துப் பிள்ளைங்க ஒரே மாதிரியா இருக்காங்க? அந்தக் கதைதான்.

பொதுவாச் சொல்ல முடியறதும் உண்டு. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரானும்தான் இதுக்குத் தீனி. அதனால மாதவிடாய் நின்னதும் பெரும்பாலும் சுருங்கும். நின்னதுக்கப்புறமும் வளர்ந்தா மட்டும் கண்டிப்பா உஷாராகணும்.

கேன்சர்? 1994-ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வு. 'வேகமா வளருது'ன்னு ஆபரேஷன் செஞ்ச 371 பேரைப் பார்த்ததுல, ஒரே ஒருத்தருக்குத்தான் அந்தப் புற்றுநோய் இருந்திருக்கு. சாதுவான கட்டி கேன்சரா மாறறதுங்கறது ரொம்ப ரொம்ப அபூர்வம். ஆனாலும் வயசு நாப்பதுக்கு மேல, ரத்தப்போக்கும் இருக்குன்னு உள்சுவர்ல துளி திசு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாங்க. தைராய்டும் பார்த்தாங்க. எல்லாம் நார்மல். அந்தப் பேப்பர் வர வரைக்கும் தூங்காத ராத்திரிகளைப் பத்தி எழுத வேணாம்.

ஒரு மாசம் கழிச்சு, சும்மா இருக்க முடியாம, இன்னொரு இடத்துல நானே போய் ஸ்கேன் எடுத்தேன். பெரிய கட்டி 5.2 x 4.8 x 4.4! ஐயோ, ஒரே மாசத்துல வளர்ந்துடுச்சேன்னு கை நடுங்குது. அப்புறம் பேப்பர் பேனா எடுத்து உட்கார்ந்தேன். நீளம், அகலம், உயரம் மூணையும் பெருக்கி 0.52-ஆல பெருக்கினா கட்டியோட கன அளவு வரும். முதல் ஸ்கேன்ல 47 மில்லி. இப்ப 57. அதாவது 21 சதவீதம் அதிகம். பார்த்தா வித்தியாசம் ஒரு பக்கத்துக்கு 2, 3, 4 மில்லிமீட்டர்தான். கருவியைப் பிடிக்கிற கை கொஞ்சம் சாய்ஞ்சாலே அவ்வளவு மாறும்.

இதை லட்டு கணக்காச் சொல்றேன். 4 செ.மீ. குறுக்களவு லட்டும் 5 செ.மீ. லட்டும் பார்க்க அவ்ளோ வித்தியாசம் தெரியாது. ஆனா மாவு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேணும் (64-க்கு 125). அதனால சென்டிமீட்டரைப் பார்த்து 'கொஞ்சம்தானே'ன்னு அசட்டையா இருக்கறதும் தப்பு, ரெண்டு மில்லிமீட்டருக்கு அலறறதும் தப்பு. போன் பண்ணிச் சொன்னதும் டாக்டரம்மா திட்டினாங்க. "அதே இடம், முடிஞ்சா அதே ஆள், ஆறு மாச இடைவெளி. அப்பத்தான் ஒப்பிடலாம். ஊர் ஊரா அளந்துக்கிட்டுத் திரியாதே."

வைத்தியம் ஒண்ணும் பெரிய மாயம் இல்லை. இரும்புச்சத்து மாத்திரை, எலுமிச்சை ஜூஸோட. காபி, டீயோட சேர்த்துக் குடிக்கக்கூடாதாம், சத்து உடம்புல ஒட்டாது. (காபியைத் தள்ளி வெச்சதுதான் இந்தக் கதையிலயே பெரிய சோகம்.) ரத்தப்போக்கு நாள்ல மட்டும் டிரானெக்ஸாமிக் மாத்திரை. அப்புறம் கர்ப்பப்பைக்குள்ள ஹார்மோன் காயில் வெச்சாங்க. உள்ளறை கோணாம இருந்ததால எனக்கு அது சரிப்பட்டது. கட்டியைக் கரைக்க இல்லை, ரத்தப்போக்கைக் குறைக்க. முதல் மூணு மாசம் சொட்டுச் சொட்டாப் பட்டுக்கிட்டே இருந்து உயிரை எடுத்தது, பொய் சொல்லமாட்டேன். அப்புறம் அடங்கிடுச்சு.

இதைப் படிச்சுட்டு யாரும் 'ஆபரேஷனே வேணாம்'னு கிளம்பிடாதீங்க. என் கூட வேலை பார்க்கிற ஒரு டீச்சருக்குக் கட்டி சிறுநீர்க்குழாயை அழுத்தி கிட்னி வீங்கிடுச்சு. அவங்களுக்கு எடுத்தாகணும், எடுத்தாங்க, நல்லா இருக்காங்க. கட்டியை மட்டும் எடுக்கறது, ரத்தக்குழாயை அடைக்கிறதுன்னு நடுவுல வேற வழிகளும் இருக்கு. என் சண்டை கத்தியோட இல்லை. எப்படி வளரும்னு யாராலயும் சொல்ல முடியாத ஒண்ணை, 'வளர்ந்தே தீரும்'னு பயமுறுத்தி தேதி குறிக்கிறாங்களே, அதோடதான்.

அது ஒருத்தர் ரெண்டு பேர் கதையும் இல்லை. 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வுல, 15-லிருந்து 49 வயசுக்குள்ள இருக்கற பெண்கள்ல கர்ப்பப்பையை எடுத்தவங்க இந்தியா முழுக்க 3.2 சதவீதம். ஆந்திராவுல 8.9. நாட்டிலேயே அதிகம். அண்ணி அந்த 8.9-க்குள்ள எங்கயோ ஒரு புள்ளி. தேவையில்லாம கர்ப்பப்பை எடுக்கறதைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-ல வழிகாட்டுதல் கொண்டு வந்தது. மூணு மாசத்துல எல்லா மாநிலமும் அதை ஏத்துக்கணும்னு 2023 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. அண்ணிக்கு எத்தனையோ வருஷம் லேட்.

மாசி மாசம், முதல்ல எடுத்த அதே இடத்துல ஆறு மாச ஸ்கேன். பெருசு 47-ல இருந்து 50 மில்லி. நடுவுலது கிட்டத்தட்ட 12-ல இருந்து 8-க்கு இறங்கியிருக்கு. சின்னது 1.9-ல இருந்து 3. சதவீதத்துல பார்த்தா ஒண்ணு 7 ஏறியிருக்கு, ஒண்ணு 30 இறங்கியிருக்கு, ஒண்ணு 60 ஏறியிருக்கு! (அந்த 60 சின்னக் கட்டிங்கறதால வந்த அளவுப் பிழையாவும் இருக்கலாம்னாங்க.) ஆராய்ச்சியில படிச்சது என் வயித்துக்குள்ளயே நடக்குது. அடுத்த ஆறு மாசத்துல எது ஏறும், எது இறங்கும்? தெரியாது. தெரியாதுங்கறதோட குடித்தனம் பண்ணப் பழகிக்கிட்டேன். ஹீமோகுளோபின் 11.3. அது தெரிஞ்ச கணக்கு, அது போதும்.

அண்ணியை விடலை. கையோட கூட்டிட்டுப் போய் எலும்பு அடர்த்தி டெஸ்ட் எடுக்க வெச்சேன். அவ்வளவு சின்ன வயசுல ஓவரியை எடுத்துட்டா எலும்பு சீக்கிரம் மெலியும்னு டாக்டரம்மாதான் சொன்னாங்க. அதே மாதிரி மெலிஞ்சுதான் இருக்கு. ஊருக்கே எலும்பு ஒட்ட வைக்கிற புத்தூர்ல இருந்துக்கிட்டு, தன் எலும்பைப் பத்தி ஒருத்தரும் அவங்களுக்குச் சொல்லலை. இப்ப கால்சியமும் மருந்தும் சாப்பிடறாங்க. ரிப்போர்ட்டை வாங்கினதும் நாலா மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள வெச்சுக்கிட்டாங்க. "இது என் பேப்பர்"னாங்க.

சித்திரைக் கிருத்திகைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து ஏறினோம். அண்ணி அம்பது படிக்கு ஒரு தரம் உட்கார்ந்தாங்க, நானும் கூடவே உட்கார்ந்தேன். 120-வது படி வந்தப்ப நின்னு ஒரு நிமிஷம் பார்த்தேன். சாதாரணப் படிதான். மேல இருந்து போன், "இன்னும் வரலையா?"

"உங்க அக்காவும் வராங்க. மெதுவாத்தான் வருவோம், நில்லுங்க"ன்னேன்.

பி.கு: நான் டாக்டர் இல்லை, கணக்கு டீச்சர். என் உடம்புக்கு ஒத்து வந்தது உங்களுக்கு ஒத்து வரணும்னு இல்லை. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கறேன். ஸ்கேன் பேப்பரை உங்க கையில வாங்கி வெச்சுக்கோங்க. கட்டி எங்க இருக்குன்னு கேளுங்க. எடுக்கணும்னு சொன்னா, ஏன், எதை, எதையெல்லாம்னு கேளுங்க. அம்மாவுக்கோ அத்தைக்கோ இப்படி நடந்திருந்தா, ஒரு நாள் அடுப்படியில பக்கத்துல போய் நின்னு பாருங்க. அவங்களா சொல்லுவாங்க.